நூல் கோர்க்க முடியாத காலை

அன்புள்ள இளங்கோவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் சுகன்யாவும் புனே போய்ச் சேர்ந்துவிட்டதாக நேற்றுக் காலை அம்மாவிடம் போனில் சொன்னாய். வீட்டில் தண்ணீருக்குக் குறைவில்லை, கடை பக்கத்திலேயே இருக்கிறது, பீரோ மட்டும் இன்னும் வாங்கவில்லை என்றெல்லாம் சொன்னாய். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு என்னைக் கேட்டாய். வேலை இருக்கிறது என்று சொல்லிச் சீக்கிரம் வைத்துவிட்டேன். வேலை ஒன்றும் இல்லை, நேற்று பட்டறையைத் திறக்கவே இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அதைப் போனில் சொன்னால் பாதியிலேயே நீ, “பரவால்லப்பா, விடுங்க” என்று சொல்லிவிடுவாய். நானும் அதைப் பிடித்துக்கொண்டு மீதியை விழுங்கிவிடுவேன். என்னைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியும். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

உன் கல்யாண வரவேற்பன்று நீ மைக்கைப் பிடித்துப் பேசினாயே, அங்கிருந்து தொடங்குகிறேன். அம்மா ஒற்றைக் கையால் தைத்த போர்வையை மேடையில் விரித்துப் பிடிக்கச் சொன்னாய். உன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டார்கள். நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. “எங்கப்பா இல்லன்னா எங்கம்மா இன்னிக்கி இந்த மேடையில இல்லீங்க. அம்மா கீழ வுழுந்த அடுத்த நிமிசமே தூக்கிக்கிட்டு ஓடுனாரு. அதுக்கப்புறம் அம்மா மறுபடி தைக்கணும்னு ஒவ்வொரு சாமானா அவரே லேத்துல செஞ்சாரு.” மண்டபமே கை தட்டியது. உன் மாமனார் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். போட்டோவில் சிரித்த மாதிரிதான் இருக்கிறது. பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மா மட்டும் கை தட்டவில்லை. ஒரு கையால் எப்படித் தட்டுவது என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் ஒற்றைக் கையைத் தொடையில் தட்டுவாள், உனக்குத் தெரியுமே. அன்று அதையும் செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமான் செய்தேன் என்பது நிஜம். அடுத்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஓடினேன் என்பது பொய். அந்தப் பொய்யை உனக்குச் சொன்னவன் நான்தான்.

முதலில், அம்மாவின் தையலை நான் எப்படி நினைத்துவந்தேன் என்று சொல்ல வேண்டும். கல்யாணமாகி அதியமான்கோட்டைக்கு வந்த புதிதில் இருந்தே அவள் கையில் ஏதாவது ஒரு துணி இருக்கும். பழைய நூல்புடவைகளை மூன்று நான்கு மடிப்பாக விரித்து, நாலு மூலையிலும் என் பட்டறைச் சாமானை வைத்து அழுத்தி, பெரிய பெரிய தையலாகப் போட்டு நிறுத்திவிட்டு, அப்புறம் ஓரத்தில் இருந்து நடுப்பக்கம் நோக்கி நெருக்கமாக ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டில் அப்போது குடியிருந்த கன்னடக்கார ரத்னம்மா அக்காவிடம் ஸ்வெட்டர் பின்னவும் கற்றுக்கொண்டாள். அந்த அக்கா கன்னடத்தில் பின்னல் கண்ணிகளை எண்ணுவார். இவளும் அப்படியே பழகிவிட்டாள். வேறு எதை எண்ணினாலும் தமிழ்தான், கம்பளி நூலை எடுத்தால் மட்டும் ஒந்து, எரடு, மூறு. நீ சிறுவனாக இருந்தபோது அதைக் கேட்டுச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன், ஆனால் என் சிரிப்பு வேறு. “கடையில ரெடிமேடா தொங்குது, இவ குந்திக்கிட்டு முடிச்சி போட்டுக்கிட்டிருக்கா” என்று வருகிறவர்களிடம் சொல்வேன். அவளுக்குக் கேட்க வேண்டும் என்றே சொல்வேன். இரும்பைக் கடைவதுதான் வேலை, துணியைக் குத்துவது பொழுதுபோக்கு என்பது என் எண்ணம். இரண்டிலும் அளவு தப்பினால் பிரித்துத்தான் ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். நாலு வருடம் ஆகிறது. நீ அப்போது சென்னையில் வேலையில் இருந்தாய். முந்தின நாள் சாயங்காலமே பாலக்கோட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு வந்த லாரி ஒன்று ஷாஃப்ட் உடைந்து நம் பட்டறை வாசலில் நின்றிருந்தது. காலை பத்து மணிக்குள் கொடுத்துவிடுகிறேன் என்று டிரைவரிடம் சொல்லியிருந்தேன். எட்டரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அம்மா ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்து ஊசியையும் நூலையும் வைத்துக்கொண்டு தடுமாறிக்கொண்டிருந்தாள்.

“இந்த நூலக் கோத்துக் குடுங்களேன். ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றாள்.

“கண்ணாடிய மாத்து மாத்துன்னு எத்தினி வாட்டி சொல்றது?”

“கண்ணில்லீங்க. கையி மரத்தாப்புல இருக்குது. ஊசி நிக்க மாட்டேங்குது.”

“நாளெல்லாம் அதையே புடிச்சிக்கிட்டிருந்தா மரத்துத்தான் போவும். கொஞ்ச நேரம் படு” என்றேன். அவள் விரலில் இருந்த ஊசியைப் பிடுங்கிச் சுவரில் தொங்கிய காலண்டர் அட்டையில் குத்தி வைத்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

லாரி வேலை பத்து மணிக்கு முடியவில்லை. பன்னிரண்டரை ஆனது. அந்த டிரைவர் போனதும் டிராக்டர் கொக்கி ஒன்று வந்தது, அதற்கும் வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். நடுவில் பதினோரு மணி வாக்கில் வீட்டில் இருந்து போன் வந்தது. எடுத்தேன். பேச்சே இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கை பட்டுத் தானாகப் போயிருக்கும் என்று வைத்துவிட்டேன். ஒன்றரை மணிக்குச் சாப்பிடப் போனபோது துவைக்கிற கல் பக்கத்தில் அவள் விழுந்து கிடந்தாள். நினைவு இருந்தது. என்னைப் பார்த்தாள். வலது கை உடம்புக்கு அடியில் மடங்கிக் கிடந்தது, அதை இழுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. ரோட்டில் போன ஒரு காரை மறித்து ஏற்றிக்கொண்டு தர்மபுரிக்குப் போனேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தூரம் அவ்வளவுதான்.

உள்ளே இருந்த டாக்டர் சின்னப் பெண். உன் வயதுதான் இருக்கும். “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?” என்று கேட்டார். “இப்பத்தாங்க, ஒரு மணி நேரம் இருக்கும்” என்றேன். அது என் வாயில் தானாக வந்தது, யோசித்துச் சொல்லவில்லை. அவர் உடனே நர்ஸைக் கூப்பிட்டு ஏதோ ஊசி மருந்தை எடுத்து வைக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்திருந்தாத்தான் இந்த ஊசி. லேட்டா வந்தவங்களுக்குப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். உசுருக்கே ஆபத்து. நேரத்துல தப்பு இருக்கக் கூடாது” என்றார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆகப்போகிறது. எட்டரையில் இருந்து எண்ணினேன். “காலைல எட்டரைக்கே கை மரக்குதுன்னு சொன்னாங்க” என்றேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. நர்ஸிடம், “வேணாம், வெச்சிடுங்க” என்று மட்டும் சொன்னார். அந்த மருந்துப் புட்டி திரும்ப அலமாரிக்குள் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகும் அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். உயிர் தங்கியது. வலது கையும் பேச்சும் போயின.

நீ ராத்திரி வந்து சேர்ந்தாய். வார்டு வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டு, “எப்படிப்பா ஆச்சு?” என்றாய். “என் கண்ணு முன்னாலதான் வுழுந்தா. அப்படியே தூக்கிக்கிட்டு வந்துட்டேன்” என்றேன். டாக்டரிடம் சொன்ன உண்மையை உன்னிடம் சொல்ல முடியவில்லை. டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவள் செத்துப்போவாள், அதனால் சொன்னேன். உன்னிடம் சொல்லாவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அன்றைக்கு நடந்தது எதுவும் நோயாளிக்கு ஞாபகம் இல்லாமல் போகலாம் என்று இன்னொரு டாக்டர் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதைக் கேட்டு எனக்கு ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு முதல் மூன்று மாதம் எப்படிப் போனது என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். வாரம் ஒருமுறை வந்து போனாய். நீ வருகிற நாளில் அவள் சாப்பிடுவாள். மற்ற நாளில் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள். காலில் கொஞ்சம் பலம் வந்தது, பிடித்துக்கொண்டு நடந்தாள். பேச்சு வரவில்லை. பாதி தைத்த போர்வை கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தினமும் அதை இடது கையால் இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வந்த பெண் அதைக் கவனித்தார். “அம்மாவுக்குத் தையல் மேல ஆசை இருக்குது போல. எடது கையில பழக்குங்க. துணியப் புடிக்கத்தான் இன்னொரு கை வேணும். அதுக்கு ஏதாவது பண்ண முடியுமா பாருங்க, நீங்கதான் பட்டறை வெச்சிருக்கீங்களே” என்றார்.

துணியைப் பிடிக்க ஒரு கை. அதைச் செய்ய எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். முதலில் செய்தது இரும்பில். கோண இரும்பை வெல்டிங் வைத்து நாலு பக்கமும் திருகு போட்டு ஒரு சட்டம் செய்தேன். அம்மா அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலில் வைத்தால் அவளால் நகர்த்த முடியாது, திருகு துணியைக் கிழித்தது. இரண்டாவதாக, மேசை விளிம்பில் பின்னல் ஊசி ஒன்றை அசையாமல் கவ்விப் பிடிக்க ஒரு பிடிப்பான் செய்தேன். அதில் மாட்டிய ஊசியோடு அவள் இன்னொரு ஊசியை வைத்துப் பின்னிவிடலாம் என்பது என் கணக்கு. அரை மணி நேரம் முயன்றாள். கண்ணி ஒவ்வொன்றாக நழுவியது. பிடிப்பானை இடது கையால் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. “உனக்காக ராப்பகலா வேலைய வுட்டுட்டு இதச் செய்யறேன்” என்று அவளிடம் கத்தினேன். பேச முடியாதவளிடம் கத்துவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் பட்டறைக்குப் போகாமல் அவளுக்கு எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். என் வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இடது கையால் ஒரு துணியைத் தைத்துப் பார்த்தேன். காலை முழுக்க அதுதான். அப்போதுதான் எங்கே எங்கே கை வேண்டியிருக்கிறது என்று புரிந்தது. துணியைப் பிடிப்பது ஒன்று மட்டுமில்லை. நூல் கோர்க்க ஒரு கை, முடிச்சுப் போட ஒரு கை, நூலை அறுக்க ஒரு கை, கீழே விழுந்த ஊசியைத் தேட ஒரு கை. அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மூன்றாவது தடவை விரலில் குத்திக்கொண்டபோது அவள் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. விழுந்த பிறகு முதல் சிரிப்பு அது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அவளைக் கேட்டுச் செய்தது. வேண்டும் என்றால் தலையசைப்பாள், வேண்டாம் என்றால் கையால் தள்ளுவாள். இரும்பை விட்டுவிட்டு பி.வி.சி. பைப்பில் சட்டம் செய்தேன். உட்கார்ந்தால் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும், மேசை மாதிரிச் சாய்த்துக்கொள்ளலாம். கொஞ்சம் பெரிய பைப்பை நீளவாக்கில் பிளந்து, துணியை நடுவில் வைத்துச் சட்டத்தின் மேல் அமுக்கினால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒரு கையாலேயே மாட்டலாம், கழற்றலாம். மேலே இருந்து ஊசியைக் குத்திவிட்டு, கையைக் கீழே கொண்டுபோய் இழுத்து, கீழே இருந்து திரும்பக் குத்தி அனுப்ப வேண்டும். ஒரு தையலுக்கு இரண்டு பயணம். நடுவில் ஊசியை விட்டுவிட்டால் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை, பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைச் சட்டத்தில் ஒட்டி வைத்தேன். ஊசியை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலே போய் ஒட்டிக்கொள்ளும். நூல் கோர்ப்பதற்கு, நீ சென்னையில் இருந்து வாங்கி அனுப்பினாயே, தலையில் பிளவு இருக்கிற ஊசி, அது நல்ல சாமான். மருந்துப் புட்டி ரப்பர் மூடியில் அதை நட்டு வைத்துவிட்டால், நூலை மேலே போட்டு அமுக்கினால் போதும், காதுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அறுப்பதற்கு ஒரு பிளேடைக் கட்டைக்குள் விரல் போகாத சந்தில் புதைத்தேன். முடிச்சுக்கு மட்டும் நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அதை அவளே கண்டுபிடித்தாள். ஆரம்பத்தில் அதே இடத்தில் மூன்று தடவை தைத்துவிட்டால் முடிச்சே வேண்டாம்.

இடது கை நடுவிரல் பழகாத விரல் என்பதால் ஊசியின் பின்பக்கம் குத்திக் குத்திப் புண்ணானது. விரலுக்குப் போடுகிற தொப்பி கடையில் வாங்கினேன், தொளதொளவென்று இருந்தது. லேத்தில் பித்தளையில் ஒன்று கடைந்தேன், கனமாக இருந்தது. அப்புறம் ஏ.சி.க்குப் போடுகிற மெல்லிய செம்புக் குழாயில் செய்யலாம் என்று தோன்றியது. அதற்கு அவள் விரலைக் காலிப்பரில் அளந்தேன். இருபத்தேழு வருடம் கூடவே இருந்தவளின் விரல் எவ்வளவு பருமன் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெயில் காலத்தில் விரல் கொஞ்சம் வீங்குகிறது, அதனால் அதற்கு வேறு அளவில் இன்னொன்று செய்து வைத்திருக்கிறேன்.

பின்னலுக்குத்தான் நாள் பிடித்தது. ஊசி இரண்டும் வேண்டாம் என்று முடிவு செய்து, மரத்தில் ஒரு வளையம் கடைந்து அதன் விளிம்பில் சுற்றிலும் ஆணி அடித்தேன். நூலை ஆணி ஆணியாகச் சுற்றிக்கொண்டு போய், இரண்டாவது சுற்றில் கீழ்க் கண்ணியைக் கொக்கியால் தூக்கி ஆணித் தலைக்கு மேலாக உள்பக்கம் தள்ளினால் பின்னல் வளையத்துக்குள்ளே இறங்கும். வளையத்தை மேசையில் திருகி வைத்தாயிற்று. ஒரு மத்தியானம் அம்மா அதில் நூலைச் சுற்ற ஆரம்பித்தாள். நான் ஜன்னல் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. “ஒந்து… எரடு… மூறு” என்று அவள்தான் எண்ணிக்கொண்டிருந்தாள். எட்டு வரை போனாள், நின்றாள், மறுபடி ஒந்து என்று தொடங்கினாள். தான் பேசுவது அவளுக்கே தெரியவில்லை. நான் சத்தம் காட்டாமல் நின்றேன். முழுச் சுற்று முடிந்ததும்தான் தலையைத் தூக்கினாள். அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. உனக்கு அன்று போன் செய்து, “அம்மா பேசறா” என்றேனே, அது இதுதான். தமிழ் அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் கழித்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. கன்னட எண்கள் எப்படி முதலில் வந்தன என்று பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். கை எந்த வேலையோடு எதைப் பழகியிருக்கிறதோ அது தனியாக எங்காவது பத்திரமாக இருக்கும் என்றார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும். அம்மா தைப்பதை அந்தப் பெண் எடுத்த வீடியோ போன் போனாகப் போனது. காரிமங்கலத்தில் இருந்தும் பென்னாகரத்தில் இருந்தும் கை விழுந்தவர்களை அழைத்துக்கொண்டு சட்டம் கேட்டு வந்தார்கள். செய்து கொடுத்தேன். ஒவ்வொருவரும் கும்பிட்டார்கள். “பொண்டாட்டிய இப்படிப் பாத்துக்கற ஆம்பளைய நான் பாத்ததில்லீங்க” என்று ஒரு அம்மா சொன்னார். நான் மறுக்கவில்லை. அப்படியே கேட்டுக்கேட்டு எனக்கே அது நிஜம் மாதிரி ஆகிவிட்டது. அந்தக் காலையைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டேன். சட்டம் செய்ததால் அது சரியாகிவிட்டது என்று எனக்குள் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பிறகு நீ மேடையில் அதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாய்.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நீங்கள் இருவரும் சுகன்யா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தீர்கள். அம்மா சட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஊசியைக் காந்தத்தில் வைத்தாள்.

“பொய்யி” என்றாள்.

என்ன பொய் என்று கேட்டேன். அவள் பதில் சொல்ல நேரமாகும் என்று தெரிந்தும் இரண்டு தடவை கேட்டேன்.

“அவன்கிட்ட… சொன்னது. பொய்யி.”

“உனக்கு அன்னிக்கி நடந்தது ஞாபகம் இருக்குதா?”

அவள் வார்த்தை தேடவில்லை. இடது கையால் தன் வலது விரல்களில் இருந்து எதையோ பிடுங்கினாள். கையை நீட்டிக் காற்றில் ஒரு இடத்தில் குத்தினாள். நான் செய்தபடியே செய்து காட்டினாள், வேகம்கூடத் தப்பவில்லை. பிறகு காதில் போனை வைப்பது போலக் கையை வைத்து என்னைப் பார்த்தாள்.

அவளுக்கு நாலு வருடமாக எல்லாம் தெரியும். நான் அவள் விரலை அளந்தபோதும் தெரியும். ஊர்க்காரர்கள் கும்பிட்டபோதும் தெரியும்.

“கோவமா?” என்று கேட்டேன்.

“இருந்துச்சி.”

“இப்ப?”

சட்டத்தில் இருந்த துணியைத் தடவினாள். “வேல இருக்குது” என்றாள். ஊசியை எடுத்துக்கொண்டாள். நான் எழுந்து போகலாமா, இருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி தைத்து முடித்துவிட்டு, “அவன்கிட்ட சொல்லுங்க” என்றாள். அவள் என்னைச் செய்யச் சொல்லிக் கேட்டது இந்த நாலு வருடத்தில் இது ஒன்றுதான்.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். சுகன்யா வேலைக்குப் போகிற பெண், நீயும் அப்படித்தான். காலையில் இருவருக்கும் அவசரம் இருக்கும். அவள் பெரிய விஷயம் என்று சொல்கிறபோது நீ கேட்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சின்னதாக ஏதாவது சொல்வாள். தலை கனக்கிறது என்பாள், இந்தக் கதவு சரியில்லை என்பாள். அப்போது பையை இறக்கி வைத்துவிட்டுக் கேள். உடம்புக்காக மட்டும் சொல்லவில்லை. அம்மா அதற்கு முன் இருபத்தேழு வருடம் சின்னச் சின்னதாக எவ்வளவோ சொல்லியிருப்பாள். அதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. கேட்டிருந்தால்தானே ஞாபகம் இருக்கும். இன்னொன்று. பின்னால் எதையாவது செய்து கொடுத்து முன்னால் செய்ததைச் சரிக்கட்டலாம் என்று நினைக்காதே. செய்து கொடுப்பது நல்லதுதான், அது அதற்காக நல்லது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கடிதத்தை இதுவரை எழுதிவிட்டு இன்று காலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதை அவளுக்குத் தெரியாமல் அனுப்புவது முறையில்லை என்று பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நான் செருப்புப் போட்டுக்கொண்டு கிளம்பிய இடம் வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

“பாத்தீங்க” என்றாள்.

நான் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் உதட்டின் வலது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஆமாம், பார்த்தேன். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. இந்த வயதில், இந்தக் கடிதத்தில்கூட நான் எப்படி ஒளிகிறேன் என்று நீ பார்க்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் டம்ளரை எடுத்து டீ குடித்தாள். டீ வலது பக்க வாயோரமாக ஒழுகி முகவாயில் இறங்கியது. அவளுக்கு அது தெரியவில்லை. வாய் கோணியிருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பட்டறைக்கு வருகிற டிரைவர் ஒருவருக்கு அப்படி ஆனதையும், அடுத்து அவர் கை விழுந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தது. தெரிந்தும், ஒருவேளை அப்படி இருக்காது என்று வைத்துக்கொண்டேன். வெயில் ஏறினால் லாரியில் இருக்கிற தக்காளி கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அதுதான் அப்போது என் மனதில் இருந்தது.

இதை எழுதி, இதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “ம்” என்றாள். பிறகு, “அனுப்புங்க” என்றாள்.

உனக்கு என் மேல் கோபம் வரும். வர வேண்டியதுதான். அதை எவ்வளவு நாள் வைத்துக்கொள்ள வேண்டுமோ வைத்துக்கொள், நான் அவசரப்படுத்த மாட்டேன். பேச வேண்டாம் என்று தோன்றினால் பேச வேண்டாம். இதைப் படித்த கையோடு அம்மாவுக்கு மட்டும் போன் செய். நான் வெளியே போய்விடுகிறேன். அவளுக்கு உன்னிடம் சொல்ல நிறைய இருக்கிறது என்று நினைக்கிறேன், நாலு வருடமாக நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் சொல்லாமல் வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் வெகுநேரம் ஆகும். லைன் கட்டாகிவிட்டதோ என்றுகூட உனக்குத் தோன்றும். கட்டாகியிருக்காது. அவள் தேடுகிற வார்த்தை உனக்கு முன்பே தெரிந்தாலும் நீ எடுத்துக் கொடுக்காதே. போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இரு. அவளே சொல்லி முடிப்பாள்.

அப்பா